தெருப்பூனையின் அறுவைச் சிகிச்சைக்கு யார் பணம் தருவது?

தெருவில் பிறந்து தெருவிலேயே வாழும் பூனைகளுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்ய ஆகும் செலவை, தமிழ்நாட்டில் பெரும்பாலும் அவற்றுக்குச் சோறு வைப்பவர்களே தாங்குகிறார்கள். தெருநாய்க்கு உள்ளாட்சியின் திட்டம் இருக்கிறது, சட்ட விதி இருக்கிறது, நீதிமன்ற உத்தரவுகள் இருக்கின்றன. பூனை இந்தக் கணக்குகளுக்கு வெளியே நிற்கிறது. சென்னையில் விலங்கு நல அமைப்புகளும் பல்கலைக்கழக மருத்துவமனையும் ஓரளவு கைகொடுக்கின்றன. திருவள்ளூரை ஒட்டிய காக்களூர், மாவட்டத்தின் வடகோடியில் உள்ள கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டை ஊர்களுக்கு அந்த உதவி எளிதில் எட்டுவதில்லை. அங்கே ஒரு பெட்டைப் பூனையின் அறுவைச் சிகிச்சை, ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் பல நாள் கூலியை விழுங்கிவிடும். இந்தச் சுமையைத் தனிமனிதர் தலையில் விட்டுவைக்கும் வரை பூனைப் பெருக்கம் குறையப்போவதில்லை. அதைப் புரிந்துகொள்ளப் பூனையின் இனப்பெருக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பூனைக் குட்டி நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பருவம் அடைந்துவிடும். சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டிகள் வரை பிறக்கும். கடுவனுடன் சேர்ந்த பிறகே பெட்டையின் கருமுட்டை வெளிவரும் என்பதால், இணை சேர்ந்தால் சினை பிடிப்பது ஏறக்குறைய உறுதி. பூனையின் இனப்பெருக்கக் காலத்தைத் தீர்மானிப்பது பகல் வெளிச்சத்தின் நீளம். குளிர் நாடுகளில் குளிர்காலப் பகல் மிகவும் சுருங்கிவிடுவதால் அந்த மாதங்களில் பூனைகள் பருவத்துக்கு வருவதில்லை. திருவள்ளூர் இருக்கும் அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான். எனவே இங்கே பூனைக்கு ஓய்வு மாதங்கள் என்று பெரிதாக எதுவும் இல்லை. குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தாய் மீண்டும் சினைப்படுவதும் உண்டு.

பிறப்பவை எல்லாம் பிழைப்பதில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் தெருப்பூனைகளைத் தொடர்ந்து கண்காணித்து 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, பிறந்த குட்டிகளில் 75 சதவீதம் ஆறு மாதம் முடிவதற்குள் இறந்தன அல்லது காணாமல் போயின என்று பதிவு செய்தது. வண்டிச் சக்கரம், நாய், குடல் தொற்று, பட்டினி என்று காரணங்கள் பல. ஓராண்டில் இரண்டு ஈற்றில் எட்டுக் குட்டிகள் போடும் ஒரு தாய்க்கு ஆறு குட்டிகள் செத்துப்போகின்றன என்பது இதன் பொருள். கருத்தடை என்றதும் பூனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழியாகவே பலரும் அதைப் பார்க்கிறார்கள். முதன்மையாக அது இந்த ஆறு மரணங்களைத் தடுக்கும் வழி. சோறு வைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஈற்றிலும் குட்டிகளை அடக்கம் செய்பவர்கள் அவர்கள்தான்.

காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டையும் ஆவின் பால் பண்ணையும் குடியிருப்புகளும் அருகருகே உள்ளன. தொழிற்பேட்டை என்பது பூனைக்கு எல்லா வசதியும் அமைந்த இடம். குடோன்களில் அட்டைப்பெட்டியும் சாக்கும் அடுக்கியிருந்தால் எலி வரும், எலி வந்தால் பூனை வரும். கேன்டீன் வாசலில் மீன் முள்ளும் குழம்புச் சோறும் கிடைக்கும். பழைய இரும்புக் குவியலும் காலி மனையின் முட்புதரும் குட்டி போட மறைவிடம் தரும். எலியைப் பிடிக்கிறது என்பதால் நிர்வாகமும் பூனையை விரட்டுவதில்லை. இரவுக் காவலாளி, துப்புரவுப் பணியாளர், கேன்டீன் சமையல்காரர், பக்கத்துத் தெருக் குடும்பத் தலைவி ஆகியோர் அவற்றுக்குச் சோறு வைக்கிறார்கள். சோறு கிடைக்கும் இடம் என்று தெரிந்ததும், வீட்டில் பிறந்த குட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்து அங்கே விட்டுப்போகிறவர்களும் சேர்ந்துவிடுகிறார்கள். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, தக்க காரணமின்றி விலங்கைத் துன்பப்படும் நிலையில் கைவிடுவது குற்றம். அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதே உச்சவரம்பு. ஒரு விலங்கைக் கைவிடுவதற்கான தண்டனை ஒரு வேளைச் சாப்பாட்டு விலைகூட இல்லாத நிலையில், கருத்தடைக்கு ஆயிரக்கணக்கில் செலவிட யார் முன்வருவார்?

இந்தியாவில் தெரு விலங்குகளுக்கான கருத்தடை இயக்கம் சென்னையில்தான் வேர்விட்டது. 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் ஆஃப் இந்தியா, தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை என்ற யோசனையை 1964-இல் முன்வைத்துச் செயல்படத் தொடங்கியது. சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-இல். 2001-இல் மத்திய அரசு நாய்களுக்கான கருத்தடை விதிகளை வெளியிட்டது. அவற்றின் இடத்தில் 2023 மார்ச்சில் புதிய விலங்குக் கருத்தடை விதிகள் வந்தன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கு நாடு முழுவதும் விவாதமானபோதும் பேச்செல்லாம் நாய்களைப் பற்றியே இருந்தது. நாய் கடித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் அந்த முன்னுரிமையில் நியாயம் உண்டு. ஆனால் அதன் விளைவாக அறுவை அரங்கு, பயிற்சி பெற்ற பிடிப்பாளர், வாகனம், நிதி ஒதுக்கீடு எல்லாமே நாய்களுக்கென்றே உருவாகியுள்ளன. மும்பை, புனே மாநகராட்சிகள் பூனைகளையும் கருத்தடைத் திட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கின்றன. பூனைக்குத் தனிச் சட்டம் வரும்வரை உள்ளாட்சி காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு அவையே சான்று.

செலவு எங்கே சேர்கிறது என்பதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. கடுவனுக்கான அறுவை எளிது. விதைப்பையில் இரண்டு சிறு கீறல்கள் போதும், பெரும்பாலும் தையல்கூடத் தேவைப்படாது, தேர்ந்த மருத்துவர் சில நிமிடங்களில் முடித்துவிடுவார். பெட்டைக்கு வயிற்றைத் திறந்து சினைப்பைகளை, பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்து, அகற்ற வேண்டும். மயக்க மருந்து, வலி நிவாரணி, கரையும் தையல் நூல், கிருமி நீக்கிய கருவிகள், துணி, கையுறை, உதவியாளர், சில நாள் கூண்டில் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் செலவு எல்லாம் இதில் அடங்கும். தனியார் மருத்துவமனைகளில் இது ஆயிரங்களில்தான் பேசப்படுகிறது. மருத்துவர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்று சோறு வைப்பவர்கள் சிலர் குறைபட்டுக்கொள்வது நியாயமில்லை. ஒரே ஒரு பூனைக்காக அரங்கைத் தயார் செய்து, கருவிகளைக் கொதிகலனில் ஏற்றி இறக்கி, உதவியாளரை நிறுத்தி வைத்தால் அந்தச் செலவு முழுவதும் ஒரே பூனையின் மேல்தான் விழும். ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு பூனைகளுக்குச் செய்தால் அது பங்காகப் பிரிந்துவிடும். செலவைக் குறைக்கும் முதல் சாவி இதுதான்.

இதற்கு மேல் போக்குவரத்து இருக்கிறது. அரசுக் கால்நடை மருந்தகங்கள், ஊர்வழக்கில் மாட்டாஸ்பத்திரிகள், கறவை மாட்டையும் ஆட்டையும் கோழியையும் மையமாக வைத்து அமைக்கப்பட்டவை. பூனையின் வயிற்று அறுவைக்கு வேண்டிய நுண்கருவியும் மயக்க மருந்து அனுபவமும் எல்லா இடங்களிலும் கிடைத்துவிடாது. 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை காக்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கூண்டுக்குள் கத்தும் பூனையை நெரிசல் நேரப் புறநகர் ரயிலில் கொண்டுபோக முடியாது. ஆட்டோவோ வேனோ பிடித்தால் போக வர ஆகும் வாடகையே மருத்துவமனைக் கட்டணத்தை மிஞ்சிவிடும். கூடவே ஒரு நாள் சம்பளமும் போகும். மாதச் சம்பளக்காரருக்கு இது விடுமுறை எடுத்துச் செய்யக்கூடிய வேலை. தினக்கூலிக்காரருக்கு விடுமுறை என்றால் கூலி இல்லை.

சிக்கனம் எங்கே செய்யலாம், எங்கே கூடாது என்பதில் தெளிவு வேண்டும். மருத்துவர் கரையும் நூலால் தோலுக்கு அடியில் தையல் போட்டால் தையல் பிரிக்க மீண்டும் வர வேண்டியதில்லை. விலைக்கு வாங்கும் கழுத்துப்பட்டைக்குப் பதில் பழைய பனியனை வெட்டி உடம்பில் மாட்டிவிடலாம். கூண்டுகளை இரவல் வாங்கலாம். வலி நிவாரணியை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு பூனைக்கும் தனியாகக் கிருமி நீக்கிய கருவிகள் என்பதிலும் விட்டுக்கொடுக்க முடியாது. மயக்கம் தெளியும்வரை உடம்புச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளும் ஆளும் அவசியம். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைப் பூனைக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. இரத்தச் சிவப்பணுக்கள் கெட்டு, அரை மாத்திரையிலேயே பூனை இறந்துபோகலாம். அறுவைக்குப் பணமில்லாமல் கருத்தடை மாத்திரையோ ஊசியோ போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். புரொஜெஸ்டின் வகை ஹார்மோன்களான அவற்றைத் தொடர்ந்து கொடுத்தால் கருப்பையில் சீழ் பிடிக்கவும் மடியில் கட்டி வளரவும் வாய்ப்பு மிகுதி. சீழ் பிடித்த கருப்பையை அவசரமாக அகற்றும் அறுவைக்கு, மிச்சப்படுத்தியதைப் போலப் பல மடங்கு செலவாகும். மாறாக, ஆறு மாத வயதுக்கு முன்பே அறுவை செய்துவிட்ட பெட்டைகளுக்கு மடிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறைகிறது என்று 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது.

இனி எண்ணிக்கைக் கணக்கு. தெருப்பூனைக் கூட்டம் ஒன்று படிப்படியாகக் குறைய வேண்டுமானால் அதில் குறைந்தது பத்தில் ஏழுக்குக் கருத்தடை ஆகியிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் சான் டியேகோவிலும் ஃபுளோரிடாவின் அலச்சுவாவிலும் நடந்த பெருந்திட்டங்களை ஆராய்ந்து 2005-இல் வெளிவந்த ஆய்வு, 71 முதல் 94 சதவீதம் வரை தேவைப்படும் என்று கணித்தது. அதற்குக் கீழே செய்யும் செலவு அந்தந்தப் பூனைக்கு நன்மை செய்யும், கூட்டத்தின் அளவை மாற்றாது. ஓர் ஆலை வளாகத்தில் 20 பூனைகள், அவற்றில் 12 பெட்டைகள் என்று வைத்துக்கொண்டு பார்க்கலாம். ஓராண்டில் நல்ல மனதுள்ள ஒருவர் தன் கைக்காசில் நான்கு பெட்டைகளுக்கு அறுவை செய்கிறார். மீதி எட்டுப் பெட்டைகள் ஆளுக்கு இரண்டு ஈற்றில் 64 குட்டிகள் போடும். முக்கால் பங்கு இறந்தாலும் 16 பிழைக்கும். ஆண்டு முடிவில் அவர் கையில் காசில்லை, வளாகத்தில் பூனைகள் முன்னைவிட அதிகம். அடுத்த ஆண்டு அவர் சோர்ந்துபோவது இயல்பு. அதே பணத்தோடு இன்னும் இரு மடங்கைச் சேர்த்துப் பன்னிரண்டு பெட்டைகளுக்கும் ஒரே மாதத்தில் செய்திருந்தால் பிறப்பு நின்றிருக்கும்.

எனவே சிதறிய உதவியைவிடக் குவிந்த உதவியே பயன் தரும். ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு பூனைகளுக்கு மானியம் என்று பிரித்துக் கொடுப்பதைவிட ஒரு வளாகம், ஒரு தெரு என்று எடுத்து முழுவதையும் முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போவது மேல். அலச்சுவாவிலேயே பின்னர் ஒரு குறிப்பிட்ட அஞ்சல் எண் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகளில் 2,366 பூனைகளுக்குக் கருத்தடை செய்தார்கள். அந்தப் பகுதித் தெருப்பூனைகளில் பாதிக்கு மேல் இதில் அடங்கிவிட்டன. அங்கிருந்து காப்பகத்துக்கு வந்து சேரும் பூனைகளின் எண்ணிக்கை 66 சதவீதம் குறைந்ததாக 2014-இல் முடிவு வெளியானது. தொழிற்பேட்டைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக வளாகம். உணவகம், காவலர், வந்துபோகும் மனிதர்கள் என்று அதன் அமைப்பு ஒரு பெரிய ஆலையைப் போன்றதே. 1991-இல் தொடங்கிய அங்கத்திய முயற்சியில் பதினோரு ஆண்டுகளில் 155 பூனைகள் கணக்கில் வந்தன. அவற்றில் ஏறத்தாழ பாதி வீடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டன. 1996-இல் 68 ஆக இருந்த வளாகப் பூனைகள் 2002-இல் 23 ஆகக் குறைந்தன. புதிதாக வந்து சேர்ந்த பூனைகளை உடனுக்குடன் பிடித்து அறுவை செய்ததும், பழகக்கூடியவற்றை வீடுகளுக்கு அனுப்பியதுமே இதற்குக் காரணம்.

பணத்துக்கான முதல் பொறுப்பு தொழிற்பேட்டைக்கே உண்டு என்று சொல்வதில் தயக்கம் வேண்டியதில்லை. பூனையின் எலி வேட்டையால் லாபம் அடைவது ஆலை, அதை அங்கே ஈர்ப்பது ஆலையின் உணவுக் கழிவு. பெட்டைக்கு 3,000 ரூபாய், கடுவனுக்கு 1,500 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டால், மேலே சொன்ன 20 பூனைகளுக்கும் சேர்த்து 48,000 ரூபாய். அருகருகே உள்ள 30 சிறு ஆலைகள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 1,600 ரூபாய், அதாவது மாதம் ஏறத்தாழ 133 ரூபாய். காக்களூர் சிட்கோவில் உள்ள மிகச் சிறிய பட்டறைக்கும் இது தாங்கக்கூடிய தொகை. ஒரு தனிமனிதருக்கு மலைப்பாகத் தெரியும் செலவு, முப்பது பேருக்குத் தேநீர்ச் செலவாகச் சுருங்கிவிடுகிறது.

பெரிய ஆலைகளுக்குச் சட்டமே வழி திறந்து வைத்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் (சி.எஸ்.ஆர்) பணிகளுக்குச் செலவிட வேண்டும். எவற்றுக்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் ஏழாம் அட்டவணையில், சுற்றுச்சூழலைப் பற்றிய இனத்திலேயே, விலங்கு நலனும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளது. சராசரி லாபம் 5 கோடி உள்ள ஆலைக்கு இந்தப் பங்கு 10 லட்சம் ரூபாய். 20 பூனைகளின் முழுச் செலவும் அதில் இருபதில் ஒரு பங்குக்குக் குறைவு. சிட்கோ பட்டறைகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குக் கீழே இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற இடங்களில் உள்ள பெரிய ஆலைகளிடம் கேட்பது பொருத்தம். தனிநபர்கள் கேட்டால் நிறுவனத்தால் பணம் தர முடியாது. பதிவு பெற்ற அறக்கட்டளையோ சங்கமோ வருமான வரிப் பதிவுகளுடன், நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்-1 படிவத்தையும் பதிந்திருக்க வேண்டும். சோறு வைப்பவர்கள் தனியாக ஓர் அறக்கட்டளை தொடங்கி அலைவதைவிட, ஏற்கெனவே இந்தப் பதிவுகள் உள்ள விலங்கு நல அமைப்போடு சேர்ந்து விண்ணப்பிப்பதே எளிது. ஆலை நிர்வாகத்திடம் கருணையைப் பற்றி நீளமாக எழுதுவதைவிட, எத்தனை பூனை, எத்தனை பெட்டை, எந்த மருத்துவர், என்ன தொகை, எந்தத் தேதிக்குள் முடியும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் கோப்பு நகரும்.

அரசின் பங்கு அடுத்தது. 2022-23 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு, கைவிடப்பட்ட, காயமடைந்த விலங்குகளைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு உதவ ‘வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள்’ என்ற திட்டத்தை 20 கோடி ரூபாயில் அறிவித்தது. வாடிய பயிரைக் கண்டு வாடியவரின் பெயரைத் தாங்கிய திட்டத்தில் தெருப்பூனைக்கு இடமில்லாமல் போகக் கூடாது. காப்பகம் கட்டுவதைவிடக் காப்பகத்துக்கு வரவேண்டிய குட்டிகள் பிறக்காமல் தடுப்பது செலவு குறைந்த வழி என்பதால், அந்த நிதியில் ஒரு பகுதியை மாவட்ட அளவிலான பூனைக் கருத்தடை முகாம்களுக்கென்று ஒதுக்குவது பொருத்தமாக இருக்கும். ஒவ்வொரு மாவட்டத்திலும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இயங்க வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. முகாமை ஒருங்கிணைக்க அதைவிட உரிய அமைப்பு வேறில்லை. கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு அறுவைப் பயிற்சி தேவை. பேராசிரியர் மேற்பார்வையில் அவர்கள் பங்கேற்கும் முகாமில் மருத்துவர் கட்டணம் பெருமளவு குறையும்.

இப்படி அரசு செலவைப் பகிர்ந்த இடங்கள் உண்டு. தமிழர் வாழும் சிங்கப்பூரில் 1998-இல் தொடங்கிய தெருப்பூனை மறுவாழ்வுத் திட்டம் 2003-இல் சார்ஸ் தொற்றின்போது கைவிடப்பட்டது. பூனைகளைப் பிடித்துக் கொல்வதால் எண்ணிக்கை கட்டுக்குள் வராததைக் கண்டபின், 2011-இல் கருத்தடைத் திட்டம் மீண்டும் வந்தது. இந்த முறை அறுவைச் செலவில் பாதியை அரசே ஏற்றது. 2024 செப்டம்பரில் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வழங்கியபோது, குறைந்த வருமானக் குடும்பங்களின் பூனைகளுக்கு இலவசக் கருத்தடையையும் அரசு சேர்த்தே அறிவித்தது. வளர்ப்புப் பூனையைத் தெருப்பூனைத் திட்டத்தோடு இணைத்துப் பார்த்தது இதில் கவனிக்க வேண்டிய அம்சம். வீட்டில் பிறந்து பையில் வந்து இறங்கும் குட்டிகளைத் தடுக்காமல் வளாகத்துப் பூனைகளுக்கு மட்டும் அறுவை செய்துகொண்டிருந்தால், அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் நீர் நிரப்புவது போலாகிவிடும். காக்களூரிலும் முகாம் நடக்கும் நாளில் சுற்றுவட்ட ஏழை வீடுகளின் பூனைகளுக்கும் அதே சலுகைக் கட்டணத்தில் இடம் தர வேண்டும். டோக்கியோவின் சியோடா வட்டாரம் 2000-ஆம் ஆண்டிலிருந்து கருத்தடைக்கு மானியம் தந்து, 2011-இல் பூனைகளைக் கொல்லும் தேவையே இல்லாத நிலையை எட்டியது.

முகாமுக்கான நாளைத் தேர்வதில் தட்பவெப்பமும் ஆலையின் ஷிப்டும் பார்க்கப்பட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த பூனைக்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கு அடியில் கூண்டை வைத்தால் வெப்பத்திலேயே பூனை இறந்துவிடும். தை, மாசி மாதங்கள் ஏற்றவை. எந்திரச் சத்தம் ஓய்ந்திருக்கும் வார விடுமுறைக்கு முந்தைய இரவு பிடிப்பதற்கு நல்லது. அதற்கு ஒரு வாரம் முன்பே ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், திறந்த கூண்டுக்குள்ளேயே சோறு வைத்துப் பழக்க வேண்டும். கருவாட்டு மணம் எந்தப் பூனையையும் உள்ளே இழுத்துவிடும். பிடித்ததும் கூண்டைத் துணியால் மூடினால் அது அமைதியாகும். வளர்ந்த பூனைக்கு அறுவைக்கு முந்தைய இரவு உணவு கூடாது. சிறு குட்டிகளை மட்டும் நீண்ட நேரம் பட்டினி போடக் கூடாது, அவற்றின் இரத்தச் சர்க்கரை விரைவில் இறங்கிவிடும். மடியில் பால் உள்ள தாயைப் பிடித்துவிட்டால் குட்டிகள் எங்கே என்று முதலில் தேட வேண்டும். பணம் குறைவாக இருந்தால் பெட்டைகளுக்கே முதலிடம். ஒரே ஒரு கடுவன் மிஞ்சினாலும் எல்லாப் பெட்டைகளையும் சினையாக்கிவிடும் என்பதால், கடுவன்களில் பாதிக்குச் செய்து நிறுத்துவதில் எண்ணிக்கை அளவில் பயன் இல்லை.

மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசியைப் போட்டுவிட வேண்டும், அதற்காகத் தனியாக மீண்டும் பிடிக்க முடியாது. இடது காதின் நுனியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நேர்கோட்டில் வெட்டிவிடுவது பல நாடுகளில் உள்ள வழக்கம். அறுவை ஆன பூனை என்பது தூரத்திலிருந்தே தெரியும், அதே பூனையை மறுபடி பிடித்து வயிற்றைத் திறக்கும் கொடுமையும் நேராது. கடுவனை ஒரு நாளிலும் பெட்டையை மூன்று முதல் ஐந்து நாளிலும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும்.

பிடித்த இடத்தில் விடுவதற்குத்தான் எதிர்ப்பு கிளம்பும். ஏரிக்கரைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்பார்கள். பழகிய இடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட பூனை திரும்பி வர முயன்று சாலையில் அடிபடும், காலியான இடத்துக்குக் கருத்தடை ஆகாத வேறு பூனைகள் வந்து சேரும். சோறும் எலியும் இருக்கும்வரை இது நடந்துகொண்டே இருக்கும். விஷம் வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எலி விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்று பூனை சாவதும் தொழிற்பேட்டைகளில் நடக்கக்கூடியதே. பூனை உள்ள வளாகத்தில் விஷத்துக்குப் பதில் எலிப்பொறியைப் பயன்படுத்துவதே முறை. நோய் குறித்த அச்சம் முழுக்க ஆதாரமற்றது அல்ல. பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, தடுப்பூசிக்கு அரசு மருத்துவமனை செல்ல வேண்டும். பூனை மலம் வழியே பரவும் ஒட்டுண்ணி ஒன்று கர்ப்பிணிகளுக்கு ஆபத்து என்பதால், மலம் அள்ளும் வேலையை அவர்கள் தவிர்க்க வேண்டும்.

பறவைகளைப் பற்றிய எதிர்ப்பு மட்டும் வலுவானது. கும்மிடிப்பூண்டி வட்டத்தின் கிழக்குப் பகுதி பழவேற்காடு ஏரியைத் தொடுகிறது. தரையில் கூடு கட்டும் நீர்ப்பறவைகள் உள்ள அத்தகைய இடங்களுக்கு அருகே அறுவை செய்த பூனையைத் திரும்ப விடுவதை ஆதரிக்க முடியாது. அறுவை ஆன பூனையும் வேட்டையாடும். அங்கே பூனைகளுக்குச் சோறு வைக்கும் பழக்கத்தையே நிறுத்தி, இருக்கும் பூனைகளை வீடுகளுக்கோ சுற்றுச்சுவர் உள்ள காப்பகத்துக்கோ மாற்றுவதற்குத் தனி நிதி வேண்டும். காக்களூர் சிட்கோ போன்ற கட்டடங்கள் நெருங்கிய வளாகத்துக்கு இந்தத் தடை பொருந்தாது.

முகாம் முடிந்தபின் தேவைப்படுவது ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பொறுப்பாளரும். பூனையின் நிறம், பாலினம், அறுவை நடந்த தேதி, காது வெட்டப்பட்டதா, தடுப்பூசி போடப்பட்டதா, கடைசியாகப் பார்த்த நாள் ஆகியவற்றைக் காவலாளி அறையில் எழுதி வைக்கலாம். காது முழுதாக உள்ள புதிய பூனை தென்பட்டால் அந்த மாதமே பிடித்துவிட வேண்டும். ஆண்டுக்கு மூன்று நான்கு புதிய பூனைகள் வந்தாலும், மேலே வைத்துக்கொண்ட விலையில் அது 12,000 ரூபாய்க்குள் அடங்கும். அந்தத் தொகையைத் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் தன் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், எலி ஒழிப்புக்கும் குப்பை அகற்றலுக்கும் அடுத்த வரியில், நிரந்தர இனமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.